கஞ்சா வழக்கு: எடைச்சீட்டிலிருந்து பிணை வரை

காரிமங்கலம் வட்டத்துச் சேரிகளிலிருந்து கஞ்சா வழக்கு தொடர்பாக எங்களை நாடும் குடும்பங்களில் பெரும்பாலானவை, காவல் நிலையத்தில் பையன் கையெழுத்திட்ட பின்னரே வருகின்றன. அதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுக்கிறோம்.

எடை: 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 20ஆவது பிரிவில், எடையைக் கொண்டே தண்டனையை வகுக்கிறது. 1 கிலோவுக்குக் குறைவானது சிறு அளவு. தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டுகள், அதிகபட்சம் 20 ஆண்டுகள். இடைப்பட்டதற்கு 10 ஆண்டுகள் வரை. சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூ, காய் நுனிகளே; அவற்றோடு சேராத இலையும் விதையும் கஞ்சா அல்ல. ஆகவே எதை நிறுத்தார்கள் என்பதே முதல் கேள்வி.

சோதனை: உடலைச் சோதிக்கும் முன், நீதித்துறை நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதனை கோரும் உரிமையை 50ஆவது பிரிவின்படி அதிகாரி தெரிவிக்க வேண்டும். பையைச் சோதிப்பதற்கு இது பொருந்தாது. பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும்.

வாக்குமூலம்: தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில், இச்சட்ட அதிகாரிகளிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிணை: 37ஆவது பிரிவின் கடும் நிபந்தனைகள் வணிக அளவுக்கும் குறிப்பிட்ட சில குற்றங்களுக்குமே உரியவை. மற்றவற்றில் பொதுவான பிணை நெறிகளே பொருந்தும். இந்த வேறுபாட்டைப் பிணை மனுவின் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும்.

சிகிச்சை: சிறு அளவு வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையானவர் தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால், 64அ பிரிவின் கீழ் வழக்குத் தொடர்வதிலிருந்து விலக்குக் கோரலாம். இதைக் குடும்பங்களுக்கு எவரும் சொல்வதில்லை.

குண்டர் சட்டம்: 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14ஆவது சட்டம் போதைப்பொருள் குற்றவாளிகளையும் உள்ளடக்கியது, விசாரணையின்றி ஓராண்டு வரை அடைக்கலாம். ஆணையின் காரணங்களைப் பெற்று, உடனே எதிர்மனு அளிப்பது அரசியலமைப்பின் 22ஆவது உறுப்பு தரும் உரிமை.

பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும், காவலில் உள்ள எவரும், வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். தொலைபேசி எண் 15100. கையெழுத்துக்கு முன் அந்த அழைப்பு போகட்டும்.