சான் லொரென்சோவின் குழந்தைகள்

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், உரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதியில், தொழிலாளர் குடியிருப்பொன்றின் கீழ்த்தளத்திலே ஓர் அறை திறக்கப்பட்டது. ஐம்பது அறுபது குழந்தைகள் அங்கே கூட்டிவரப்பட்டனர். பெரும்பாலோர் மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். மிரண்ட விழிகளும் வாய் திறவாத நாணமும் கொண்டவர்கள். அவர்களைக் கூட்டிவைத்தோரின் முதல் நோக்கம் கல்வியன்று என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சுவர்களைக் காப்பாற்றுவதே அந்த நோக்கம்.

1880களில் உரோமாபுரியிலே கட்டட ஊகவாணிபம் பேய்போற் பெருகியது. அந்தப் பத்தாண்டு முடியுமுன்னரே சரிந்தும் போயிற்று. அரைகுறையாய் நின்ற மாடிகளில் வேலையற்றோரும் வீடற்றோரும் நெருக்கியடித்துக் குடியேறினர். பின்னர் ஒரு கட்டட நிறுவனம் அவற்றில் சிலவற்றை வாங்கித் திருத்தி, ஒழுங்காக வாடகை செலுத்தக்கூடிய தொழிலாளர் குடும்பங்களுக்கு விட்டது. தாயும் தந்தையும் வேலைக்குப் போனபின் சிறு பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடினர். புதிதாய் வெள்ளையடித்த சுவர்களிற் கிறுக்கினர். பழுதுபார்ப்பதற்குச் செலவாகும் பணத்தை ஒரு பள்ளிக்குத் திருப்பினால் நட்டமில்லை எனக் கணக்கிட்டார் நிறுவனத் தலைவர் எதுவார்தோ தலாமோ. சுவரில் ஒட்டிய விதிகளில், அழுக்கோடு வரும் பிள்ளைகளும் அடங்காத பிள்ளைகளும் விலக்கப்படுவர் என்று எழுதியிருந்தது. பொறுப்பை ஏற்றவர் மருத்துவர் மரியா மொண்டிசோரி.

1870இல் பிறந்த அவர், உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். அதே ஆண்டு பேர்லினில் கூடிய பெண்கள் மாநாட்டிலே, உழைக்கும் பெண்களுக்குச் சம ஊதியம் கோரிப் பேசியவர். பித்தர் விடுதிகளில் அடைக்கப்பட்டிருந்த மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைக் கண்டு, இவர்களுக்கு வேண்டியது மருந்தன்று, கைக்கும் கண்ணுக்கும் வேலை என உணர்ந்தார். பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகாங் ஆகியோரின் நூல்களைத் தம் கையாலேயே எழுதி எழுதிப் படித்தார். அவர்கள் வழியிலே செய்த கருவிகளைத்தான் சான் லொரென்சோவுக்குக் கொண்டுசென்றார்.

அங்கே நடந்ததை அவரே பின்னர் எழுதியிருக்கிறார். ஒரு சிறுமி, மர உருளைகளைக் குழிகளிற் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிநின்று பாடச் செய்தனர்; அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தனர். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நாற்பது தடவைக்கும் மேலாகச் செய்து முடித்துவிட்டு, நித்திரையிலிருந்து எழுந்தவள்போல் முகம் மலர்ந்து நோக்கினாள். பிறிதொரு நாள் அலுமாரி பூட்டப்படாதிருந்தது. பிள்ளைகள் தாமே வேண்டியதை எடுத்து வேலையில் அமர்ந்திருந்தனர். ஆசிரியை அதைத் திருட்டென்றே எண்ணினார். மொண்டிசோரி அதைத் தெரிவு என்று கண்டார்; அதன்பின் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்திலே தாழ்ந்த அலுமாரிகள் வந்தன.

மூக்குச் சிந்துவது எப்படி என்று ஒருநாள் அவர் பாடம் நடத்தினார். சத்தமில்லாமல், கைக்குட்டையை மறைத்துப் பிடித்து, செய்துகாட்டினார். முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தனர். மூக்கொழுகுகிறது என்று ஏச்சு வாங்காத ஏழைப் பிள்ளை எங்கே உண்டு? ஏசியவர் எவரும் அதுவரை கற்றுக்கொடுத்ததில்லை. நம்பிக்கை என்பது உபதேசத்தால் வருவதன்று, ஒரு காரியத்தைத் தானே செய்துவிட முடியும் என்ற அனுபவத்தால் வருவது என்ற அவருடைய கொள்கை முழுவதும் இந்தச் சிறு நிகழ்ச்சியிலே அடங்கிக் கிடக்கிறது.

எழுத்து வந்த கதையும் இத்தகையதே. மணற்றாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகியிருந்தனர். டிசம்பர் மாத வெயிலில், மொட்டைமாடியிலே, ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தவன் திடீரென, தனக்கு எழுதத் தெரியும் எனக் கூவினான். தரையிலே அவன் முதலில் எழுதிய சொல் 'கை'. தொழிலாளியின் மகன் தன் கையாலே 'கை' என்று எழுதினான்!

ஆயினும் வியப்பிலே மூழ்கி ஆராய்வதை விட்டுவிடலாகாது. சோவியத் உளவியலாளர் வைகோத்ஸ்கி, சிறு வயதிலேயே எழுத்தைக் கற்பிக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்தப் பிள்ளைகள் எழுதியதென்ன? தலாமோவுக்கும் ஆசிரியைக்கும் பண்டிகை வாழ்த்து! எழுத்தைக் கைத்திறனாகப் பயிற்றினர், குழந்தையின் வாழ்விலே எழுத்துக்கு ஒரு தேவையை உண்டாக்கவில்லை என்பது அவருடைய கண்டனம். இது நியாயமான கண்டனமென்றே நான் கருதுகிறேன். வீட்டு உரிமையாளருக்கு வாழ்த்து எழுதத் தெரிந்த குழந்தை, வாடகையைப் பற்றி எழுத எப்போது கற்கும்?

இந்தக் கேள்விக்கு மொண்டிசோரியின் பிற்காலச் சிந்தனையில் ஓரளவு விடை இருக்கிறது. வளர்ச்சியை அவர் ஆறாறு ஆண்டுகள் கொண்ட நான்கு படிகளாக வகுத்தார். ஆறு வயது வரை உடலின் சுதந்திரம்: உடுத்தல், கழுவுதல், நடத்தல். பன்னிரண்டு வரை சிந்தனையின் சுதந்திரம். 'ஏன்' என்று கேட்கும் பருவம் அது. பதினெட்டு வரை சமூகச் சுதந்திரம். இந்தப் பருவத்தினர் நிலத்திலே உழைத்து, விளைவித்ததை விற்று, உழைப்பின் பயனைக் கையிலே கண்டு வளரவேண்டும் என்றார். நான்காவது படி இருபத்து நான்கு வயது வரை. ஒரு படியிலே நிறைவு பெறாதவனை அடுத்த படிக்கு இழுத்தேற்ற முடியாது. பரீட்சைக்காகப் பிள்ளைகளை இழுத்தேற்றுவதையே தொழிலாகக் கொண்டுவிட்ட நாம் இதைச் சற்று நிதானித்துப் பார்க்கலாம்.

முறை பரவியது. 1908இல் மிலான் நகரின் உமானித்தாரியா சங்கம் தன் தொழிலாளர் குடியிருப்பிலே இத்தகைய இல்லத்தைத் திறந்தது. ஆனால் அமெரிக்காவிலே கருவிகள் காப்புரிமை பெற்ற விற்பனைப் பொருள்களாயின. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் எழுந்தன. 1924 முதல் முசோலினியின் ஆதரவும் கிடைத்தது. அதை அவர் ஏற்றுக்கொண்டதை எவரும் மறைக்க வேண்டியதில்லை. தானாகத் தெரிவு செய்யும் குழந்தையும், கட்டளைக்குக் காத்துநிற்கும் சீருடைச் சிறுவனும் ஒரே பள்ளியில் நெடுநாள் இருக்க முடியாது; 1934இல் உறவு முறிந்தது. ஜேர்மனியிலே நாஸிகளும் அவருடைய பள்ளிகளை மூடினர்.

1939இல், எழுபதை நெருங்கும் வயதிலே, அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளிலே ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், மகன் மாரியோவைப் பிரித்தானிய அரசு சிறைமுகாமில் அடைத்தது. அவரது எழுபதாவது பிறந்தநாளில் விடுவித்தது. மணமாகாத தாயென்னும் பழிக்கு அஞ்சி, சிறு வயதிலே பிறரிடம் வளர்க்கக் கொடுத்த மகன் அவன். உலகத்துக் குழந்தைகளின் சுதந்திரத்தைப் பேசியவருக்குத் தம் குழந்தையைத் தம் குழந்தையென்று சொல்லும் சுதந்திரத்தை அந்தச் சமுதாயம் கொடுக்கவில்லை.

1944இல் அவர் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஐந்து வயதுக்கு முந்திய பருவம் பெரும்பாலும் தனியார் கையிலேயே தங்கிவிட்டது. 'மொண்டிசோரி' என்பது இன்று இங்கே எந்தப் பாலர் பள்ளிக்கும் வழங்கும் பெயர். அவற்றில் பலவற்றுள் பிள்ளைகள் கைகட்டி இருந்து பாட்டு ஒப்புவிக்கிறார்கள், மூன்று வயதிலே கொப்பியில் எழுதுகிறார்கள்.

மலையகத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. அதிகாலையில் கொழுந்தெடுக்கப் போகும் தாய், குழந்தையை அங்கே விட்டுச் செல்கிறாள். தாயின் கை கொழுந்துக்கு வேண்டும் என்பதற்காகத் தோட்ட நிர்வாகங்கள் அமைத்த அறை அது. இப்பொழுது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். சான் லொரென்சோவின் அறையும் சுவருக்காகத் திறக்கப்பட்டதுதான். அங்கே ஒருவர் உள்ளே போய், பூட்டாத அலுமாரியின் முன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.