சொறிக்கல்

பாறைக்கோ கனிமத்துக்கோ பெயர் வைக்க நேர்ந்தால் அறிவியலாளர்கள் பெரும்பாலும் ஊரைப் பார்ப்பார்கள். இல்லையென்றால் ஆளைப் பார்ப்பார்கள். அலுமினியத் தாதுவான பாக்சைட்டின் பெயர் தெற்குப் பிரான்சில் உள்ள லே போ என்ற ஊரிலிருந்து வந்தது. கோதைட் என்ற இரும்புக் கனிமத்துக்கு 1806-இல் ஜெர்மானியக் கவிஞர் கோதேயின் பெயரைச் சூட்டினார்கள். செந்நிறத் துளைக்கல்லைக் குறிக்கும் லேட்டரைட் இந்த இரண்டு வழிகளிலும் வந்த பெயர் அல்ல. அது கல் வெட்டுபவர்களின் பேச்சிலிருந்து எடுக்கப்பட்டு, லத்தீன் உடை அணிவிக்கப்பட்டு, உலகம் முழுக்கப் போன பெயர். போகும் வழியில் அதனுடன் இருந்த இன்னொரு பெயர் கைவிடப்பட்டது. அந்த இன்னொரு பெயர் தமிழ்ப் பெயர்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மறைந்தபின், கைக்கு வந்த நாடுகளில் என்ன விளைகிறது, யார் வாழ்கிறார்கள், மண் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுத, கிழக்கிந்தியக் கம்பெனி பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரை அனுப்பியது. 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்ட அவர் மைசூர், கன்னடக் கரை, மலபார் எங்கும் சுற்றினார். 1807-இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக அவருடைய பயணநூல் வெளிவந்தது. போகிற இடமெல்லாம் உள்ளூர்ச் சொல்லைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. இந்தக் கதையே அந்தப் பழக்கத்தால்தான் நமக்குக் கிடைத்தது.

இன்றைய மலப்புறம் மாவட்டத்தில் பெரிந்தல்மண்ணைக்கு அருகில் இருக்கிறது அங்காடிப்புறம். அங்கே அவர் கண்டது, கருங்கல்லின் மேல் பெரும் பெரும் திரளாகப் படுத்துக் கிடந்த சிவப்பு மஞ்சள் பொருள். அதில் அடுக்கு எதுவும் தெரியவில்லை. உடலெங்கும் துளை, நிறைய இரும்பு. பூமிக்குள் காற்றுப் படாமல் இருக்கும்வரை எந்த இரும்புக் கருவிக்கும் இணங்கும் அளவு மென்மை. குந்தாலியால் பெயர்த்து, அங்கேயே வேண்டிய வடிவில் செதுக்கி வெளியே வைத்தால், சிறிது காலத்தில் இறுகிக் கல்லாகிவிடும். சூளையில் சுட்ட செங்கல்லைவிட மழையையும் காற்றையும் நன்றாகத் தாங்கும். இதன் பெயர் என்னவென்று அவர் கேட்டபோது, பல நாட்டு மொழிகளில் இட்டிகைக்கல் என்று சொல்வதாகப் பதில் கிடைத்தது. அவர் காதுக்கு அது 'இட்டிகா கல்லு' என்று கேட்டிருக்கிறது. செங்கல்லுக்கு லத்தீனில் 'லேட்டர்'. அதனுடன் கல்லைக் குறிக்கும் விகுதியைச் சேர்த்து லேட்டரைட் என்று எழுதினார்.

இட்டிகை நமக்கும் அயல் அல்ல. வடமொழி இஷ்டகா, பிராகிருதம் வழியாகத் தெற்கே வந்து, தெலுங்கில் இட்டுக, கன்னடத்தில் இட்டிகெ, மலையாளத்தில் இட்டிக என்று தங்கியது. சங்க இலக்கியத்திலேயே இட்டிகை உண்டு. பிற்காலத் தமிழ் அதை மெல்லக் கைவிட்டு, சுட்ட மண்ணுக்குச் செங்கல் என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. அதே செங்கல்தான் இன்று கண்ணூரிலும் காசர்கோட்டிலும் லேட்டரைட்டின் பெயர்! அங்கே செங்கல் குன்று என்றால் லேட்டரைட் குன்று. வெட்டி எடுப்பதால் வெட்டுகல் என்ற பெயரும் உண்டு. ஆக, பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே சூளையிலிருந்து வருவது செங்கல், மேற்கே பூமியிலிருந்து வெட்டி எடுப்பது செங்கல். செங்கல்லும் லேட்டரைட்டும் ஒன்றுக்கொன்று பெயரைக் கடன் கொடுத்து வாங்கியிருப்பதை இந்த மொழிகளில் பார்க்கலாம். கட்டுபவனின் கண்ணுக்கு இரண்டும் ஒரே வேலை செய்பவை.

ஆனால் புக்கானன் அதே இடத்தில் இன்னொன்றையும் எழுதி வைத்திருக்கிறார். மேல்மண் மழையில் கரைந்து போன இடங்களில் இந்தப் பொருள் வெளியே தெரிந்து, காற்றுப்பட்டுத் தானாகவே பாறையாக இறுகி, கறுத்துப்போகிறது. துளையும் மேடுபள்ளமுமாக அது தோல் நோய் கண்டவரின் சருமம்போல இருப்பதால் தமிழில் அதைச் சொறிக்கல் என்கிறார்கள், என்பது அவர் தரும் செய்தி. ஆங்கில எழுத்தில் அவர் அதை 'ஷூரி கல்' என்பதுபோல் எழுதியிருந்தாலும், நோயைக் காரணமாகச் சொல்வதால் சொல் எதுவென்பதில் ஐயமில்லை.

இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இட்டிகைக்கல் என்பது மனிதன் வெட்டி எடுத்து வெயிலில் வைத்த பொருளின் பெயர். சொறிக்கல் என்பது மண் போனபின் நிலத்தில் மிஞ்சியதன் பெயர். முதலாவதில் வீடு இருக்கிறது. இரண்டாவதில் வயலுக்கு நேர்ந்தது இருக்கிறது. அறிவியல் முதலாவதை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிந்திய நூற்றைம்பது ஆண்டுக் குழப்பத்தில் பாதி அந்தத் தேர்விலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

குழப்பம் என்னவென்று பார்க்குமுன், பொருள் எப்படி உண்டாகிறது என்பதைப் பார்த்துவிடலாம். அங்காடிப்புறத்தில் அடியில் கிடப்பது சார்னாக்கைட் என்ற கருநிறப் பாறை. சென்னைப் பல்லாவரத்துக் குன்றுகளும் அதே இனம். கொல்கத்தாவில் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறைமேல் பதித்த கல் இந்த வகை என்று கண்டு, புவியியலாளர் தாமஸ் ஹாலந்து சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். பாறைக்குள் ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், இரும்பு கலந்த கறுப்புக் கனிமங்கள் எல்லாம் இறுகப் பின்னிக் கிடக்கின்றன. மலபாரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக இறங்குகிறது. மண்ணுக்குள் போனதும் அந்த அமிலம் பலமடங்கு கூடுகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சு அங்கே தேங்கி நிற்பதுதான் காரணம். பாறையைக் கரைப்பதில் செடிக்கும் பங்குண்டு என்பதைப் பாடநூல்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அது ஒரு வரிக்குரிய செய்தி அல்ல. செடி மண்ணில் நிற்பது மட்டுமில்லை, தான் நிற்க வேண்டிய மண்ணைத் தானே உண்டாக்கவும் செய்கிறது.

கரைதலுக்கு ஒரு வரிசை உண்டு. சோடியம், கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை முதலில் போகும். அவற்றைத்தான் வேர் தேடும். வேர் பிடித்தது போக மீதி ஆற்றோடு கடலுக்கு. பிறகு சிலிக்கா மெதுவாகக் கழன்று போகும். ஃபெல்ஸ்பாரில் மிஞ்சும் அலுமினியம் கொஞ்சம் சிலிக்காவைப் பிடித்துக்கொண்டு வெண்களிமண்ணாக மாறும். கறுப்புக் கனிமங்களில் இருந்த இரும்பு ஆக்சிஜனைச் சந்தித்ததும் துருவாகிவிடும். துரு எளிதில் கரையாது. நீர் ஏந்திய துரு மஞ்சள் கோதைட், நீர் இழந்தது சிவப்பு ஹேமடைட். பருவமழையில் நிலத்தடி நீர் ஏறும், கோடையில் இறங்கும். ஏறும்போது இரும்பு சற்றே நகரும், இறங்கும்போது அங்கங்கே திட்டுத் திட்டாகப் படியும். பல லட்சம் ஆண்டுகள் இது நடந்தபின், ஒரு வெட்டுக்குழியின் சுவரில் கீழிருந்து மேலாகப் பார்த்தால் பாறை, மக்கிய பாறை, வெண்களிமண், சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி விழுந்த மென்களி, துளைக்கல், அதன்மேல் மண் என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். உள்ளே இருக்கும்வரை ஈரத்தில் மென்மையாக இருக்கும் இரும்புத் திட்டுகள், வெளியே வந்து காய்ந்தால் படிகமாகி ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. மறுபடி நனைத்தாலும் இளகாது.

இது பாறை அழிந்து உண்டான பொருள் என்பதை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் பெஞ்சமின் பாபிங்டன். தலச்சேரியிலிருந்து சென்னை வரையிலான நிலத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1821-இல் அச்சானது. அடிப்பாறை இருந்த இடத்திலேயே மக்கி லேட்டரைட்டாவதை அதில் விவரித்தார். அடுத்த ஆண்டு, 1822-இல், வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவரும் அவரேதான். சென்னை அரசுப் பணியில் இருந்து தமிழ் கற்றவர்.

லேட்டரைட் என்ற பெயர் இதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது. 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் பழைய கற்கால மனிதனின் கற்கருவியை எடுத்தார். பிறகு அத்திரம்பாக்கத்திலும் கிடைத்தன. அவை கிடந்த சிவப்புச் சரளைப் படிவங்களை அவர் லேட்டரைட் படிவங்கள் என்றே குறித்தார். ஆனால் அது வேறிடத்தில் இருந்து நீர் அடித்துக் கொண்டுவந்து சேர்த்த சரளை. அங்காடிப்புறத்துக் கல் இருந்த இடத்திலேயே விளைந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர். ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் சிவப்பாகத் தெரிந்த மண்ணெல்லாம் லேட்டரைட் ஆயிற்று. வேதியியலாளர்கள் இறுகுவதைப் பார்க்காமல் அலுமினிய அளவைப் பார்த்து அதே பெயரைக் கொடுத்தார்கள். ஏற்காட்டு, கொல்லிமலை உச்சிகளில் சார்னாக்கைட் மக்கி உண்டான பாக்சைட்டும் இதே குடும்பம்தான். அங்கே நீர் நன்றாக வடிந்துவிடுவதால் அலுமினியம் மிஞ்சிற்று.

இடையில் மக்கள் தங்கள் சொற்களையே வைத்துக்கொண்டிருந்தார்கள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் செம்பூரான்கல். தெலுங்கில் மொரமு, பழந்தமிழில் பரல் நிறைந்த வன்னிலத்துக்குச் சொல்லும் முரம்பு அதன் உறவு. இலங்கையில் கபுக் என்றார்கள். கல் வெட்டும் குழியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று ஹாப்சன் ஜாப்சன் அகராதி கருதுகிறது. ஈமக்குழியின் மேல் கவிழ்த்த கேரளத்துக் குடைக்கல்லும், கோவாவில் போம் ஜீசஸ் தேவாலயமும், கம்போடியாவின் அங்கோர் கோயில்களின் அடித்தளமும் எல்லாம் இந்தக் கல்தான்.

20-ஆம் நூற்றாண்டில் மண்ணியலாளர்கள் வந்தபோதுதான் பெயர் தாங்காமல் போயிற்று. அவர்களுடைய கேள்வி வேறு: இதில் என்ன விளையும்? மழை உப்புகளை எல்லாம் கழுவிவிட்டது. வெண்களிமண்ணுக்குச் சத்தைப் பிடித்து வைக்கும் திறன் குறைவு. போடுகிற பாஸ்பேட்டை இரும்புத் துரு பற்றிக்கொண்டு வேருக்கு விட மறுக்கிறது. ஆனாலும் அதன்மேல் பெருங்காடு நிற்கிறது. காரணம், சத்து பாறையில் இல்லை, உதிரும் இலையில் இருக்கிறது. விழுந்தது மக்கி உடனே வேருக்குத் திரும்புகிறது. காட்டை வெட்டினால் அந்தச் சுற்று அறுந்துவிடும், மேல்மண் ஓடிவிடும், புள்ளிக்களி வெளிப்பட்டு இறுகும். 1964-இல் மேரி மெக்நீல் என்பவர் சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் வெப்பமண்டலக் காடுகள் அழிந்தால் நிலம் கல்லாகிவிடும் என்று எச்சரித்தார். பின்னாளில் அளந்து பார்த்தவர்கள், அப்படி இறுகக்கூடிய நிலம் வெப்பமண்டலத்தில் சிறு பகுதியே என்று கண்டார்கள். எச்சரிக்கை பெருகியதற்கும் பெயர்தான் காரணம்: சிவந்த மண் எல்லாவற்றையும் லேட்டரைட் என்று சொல்லிவிட்டால், எல்லாமே கல்லாகிவிடும் என்ற அச்சம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இறுகிய இடத்திலும் உயிர் முழுக்கப் போய்விடுவதில்லை. கண்ணூர் மாவட்டத்து மாடாயிப்பாறையின் சொறிக்கல் மேட்டில் மழைக்காலத்தில் விரலளவு மண்ணே உண்டு. அங்கே நைட்ரஜன் கிடைக்காத செடிகள் சிற்றுயிர்களைப் பிடித்து உண்கின்றன. ஓணத்துக்குப் பூக்களம் போடப் பறிக்கும் நீலநிறக் காக்காப்பூ அவற்றில் ஒன்று. கல் விரிசல்களில் முந்திரி வேர் நுழைந்து, பாறையை உடைக்கும் வேலையை மறுபடி தொடங்குகிறது.

மண்ணியலாளர்கள் கடைசியில் லேட்டரைட்டை ஒதுக்கிவிட்டுப் புதுப் பெயர்கள் வைத்தார்கள். சிவந்த மக்கிய மண்ணுக்கு ஆக்சிசால். உள்ளே மென்மையாகக் கிடந்து, வெளியே வந்தால் இறுகும் புள்ளிக்களிக்கு பிளிந்தைட். கிரேக்கத்தில் பிளிந்தோஸ் என்றால் செங்கல். ஆக, லத்தீன் செங்கல் போய்க் கிரேக்கச் செங்கல் வந்தது; புக்கானனிடம் இட்டிகைக்கல் என்று சொன்னவர்களின் பார்வை நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகும் மாறவில்லை. ஆனால் இறுகி முடிந்ததற்குத் தனிப்பெயர் வேண்டியிருந்தது. அதற்குக் கல்லைக் குறிக்கும் இன்னொரு கிரேக்கச் சொல்லை முன்னே சேர்த்து பெட்ரோபிளிந்தைட் என்றார்கள்.

அங்காடிப்புறத்தில் 1979-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நினைவுச்சின்னம் அமைத்து, லேட்டரைட் பெயர் பெற்ற இடம் இதுவென்று பதித்தது. நம் பள்ளிப் பாடநூல்களோ இதைச் சரளை மண் என்கின்றன. சரளை பருக்கைக் கற்களைக் குறிக்குமே தவிர, அது இருந்த இடத்திலேயே விளைந்ததா, அடித்து வந்ததா, இறுகியதா, இனிமேல்தான் இறுகுமா என்று எதையும் சொல்லாது. உலக மண் வகைப்பாடு இரண்டு கிரேக்கச் சொற்களைக் கொண்டு பிரித்துக் காட்டும் வேறுபாடு 1807-இல் அச்சான பக்கத்திலேயே இருக்கிறது: இறுகுமுன் வெட்டி எடுப்பது இட்டிகைக்கல், மேல்மண் போய்த் தானாக இறுகியது சொறிக்கல். பாடநூலில் சரளை மண் என்ற தலைப்பின் கீழே இந்த இரண்டையும் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.