ஓட்டு போன ஆண்டில் வந்த உரிமை

நகராண்மைக் கழகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெரிய வரைபடம் ஒன்று மாட்டப்பட்டிருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு, ஊதா என்று பல வண்ணங்கள் அதில் இருக்கும். மதிப்பீட்டு வரி கட்ட வந்தவர்கள் அதை ஒரு முறை பார்த்துவிட்டு முகப்பை நோக்கி நடப்பார்கள். பக்கத்து மேசையில் ஆட்சேபப் பாரங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். சில வாரங்களில் வரைபடத்தைக் கழற்றிவிடுவார்கள், மேசையையும் எடுத்துவிடுவார்கள். ஆனால், அந்த வண்ணங்கள் பல ஆண்டுகளுக்கு அந்த வட்டாரத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். எங்கே வீடு வரும், எங்கே தொழிற்சாலை வரும், எந்தத் திடல் திடலாகவே இருக்கும் என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

ரஞ்சாஙான் தெம்பாத்தான் என்று மலாய்மொழியில் அழைக்கப்படும் உள்ளூர்த் திட்டம் இதுதான். இதன் வரைவைப் பார்க்கவும் ஆட்சேபிக்கவும் பொதுமக்களுக்குச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமை எப்படி வந்தது? அதைப் பயன்படுத்தியவர்களுக்கு என்ன கிடைத்தது? மலேசியாவின் ஊராட்சி வரலாற்றைப் புரட்டினால் இதற்கு விடை கிடைக்கும்.

நிபுணர் வரைந்த நகரம்

மலாயாவில் நகரத் திட்டமிடல் காலனித்துவ ஆட்சியோடு வந்தது. நியூசிலாந்தில் பிறந்து தென் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய சார்ல்ஸ் ரீட் 1921ஆம் ஆண்டு இங்கு வந்து அரசாங்கத்தின் நகரத் திட்டமிடல் அதிகாரியானார். 1923ஆம் ஆண்டு நகரத் திட்டமிடலுக்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அந்தக் காலத்தில் திட்டம் என்பது நிபுணர் வரைவது, அரசாங்கம் ஒப்புவது. தோட்டத்து லயத்தில் குடியிருந்த தொழிலாளியிடம் வந்து, "உன் வீட்டுப் பக்கம் என்ன வரவேண்டும்?" என்று கேட்கும் வழக்கம் அதில் இல்லை.

பிறகு மக்களுக்கு ஓட்டுரிமை வந்தது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு முன்பே, 1951ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுனிலும் 1952ஆம் ஆண்டு கோலாலம்பூரிலும் நகராண்மைத் தேர்தல்கள் நடந்தன. சாக்கடை, தெருவிளக்கு, சந்தை ஆகியவற்றைப் பற்றி முடிவு செய்பவரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். அவர் சொன்னபடி நடக்காவிட்டால் அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்த்துக்கொள்ள முடிந்தது.

அந்தக் காலம் நீடிக்கவில்லை. தலைநகருக்கென்று 1960ஆம் ஆண்டு வந்த சட்டத்தின் கீழ் கோலாலம்பூர் நிர்வாகம் நியமிக்கப்பட்ட ஆணையரின் கைக்குப் போனது. இந்தோனேசியாவுடனான நெருக்கடியைக் காரணம் காட்டி, 1965ஆம் ஆண்டு நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன.

அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமையேற்றவர் ம.இ.கா. தலைவர்களுள் ஒருவரான செனட்டர் ஆதி நாகப்பன். அவருடைய ஆணையம் 1968ஆம் ஆண்டு அறிக்கையை முடித்தது. ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் மீண்டும் நடத்தப்பட வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. தமிழர் ஒருவர் தலைமையில் எழுதப்பட்ட அந்த அறிக்கை, நாட்டின் ஊராட்சி வரலாற்றில் இன்றும் பேசப்படும் ஆவணம். ஆனால், அரசாங்கம் அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை.

ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள்

1976ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அடுத்தடுத்த எண்களில் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது. சட்டம் 171 ஊராட்சிச் சட்டம். அதன் 15ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மன்ற உறுப்பினர்களை இனி மாநில அரசாங்கமே நியமிக்கும் என்றானது.

சட்டம் 172 நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். கட்டமைப்புத் திட்டமும், அதற்குக் கீழே ஒவ்வொரு வட்டாரத்திற்கும் உள்ளூர்த் திட்டமும் வரைய வேண்டும் என்றது. வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபங்களை எழுத்தில் பெற வேண்டும் என்றும் அது விதித்தது. உள்ளூர்த் திட்டத்திற்கு அந்தக் கால அவகாசம் குறைந்தது நான்கு வாரம். 2001ஆம் ஆண்டுத் திருத்தம், வரைவு தயாரிக்கும் முன்பே மக்களுக்கு விளம்பரப்படுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தது.

ஒரு சட்டம் ஓட்டை எடுத்துக்கொண்டது. அடுத்த எண்ணுள்ள சட்டம் ஒரு பாரத்தைக் கையில் கொடுத்தது. இரண்டும் சமமல்ல. ஓட்டு ஆளை மாற்றும். பாரம் கருத்தை மட்டும் சொல்லும். கேட்பதும் தள்ளுவதும் அதிகாரிகள் கையில். ஆனாலும், நிலத்தைப் பற்றிய முடிவில் சாதாரணக் குடிமகன் முன்கூட்டியே நுழைவதற்குச் சட்டம் திறந்து வைத்த வாசல் இதுதான்.

இந்த வாசலை விட்டவருக்கு இன்னொன்றும் கைநழுவுகிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு மேம்பாட்டுக்கு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவித்து அவர்களின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் என்கிறது சட்டம் 172இன் 21ஆம் பிரிவு. உள்ளூர்த் திட்டம் அமலுக்கு வந்துவிட்டால் அந்தக் கட்டாயம் இல்லை. வரைவு நிலையிலேயே மக்களைக் கேட்டாகிவிட்டதே என்பது இதன் நியாயம். கேட்ட காலத்தில் பேசாதவர், பக்கத்தில் கட்டடம் எழும்பும்போது பேச நினைத்தால் காலம் கடந்திருக்கும்.

கியாரா மலையடிவாரத்தில்

கோலாலம்பூருக்குத் தனிச் சட்டம் உண்டு. அது 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம். அதன்படி 2020ஆம் ஆண்டை இலக்காகக் கொண்ட கட்டமைப்புத் திட்டம் 2004ஆம் ஆண்டு அமலுக்கு வந்தது. அதைப் பின்பற்றிய மாநகர்த் திட்ட வரைவு 2008ஆம் ஆண்டு மே மாதம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆட்சேபங்கள் குவிந்தன. விசாரணைகளும் நடந்தன. ஆனால், அந்தத் திட்டம் அரசாங்கப் பதிவேட்டில் வெளியாக 2018ஆம் ஆண்டு ஆகிவிட்டது. பத்தாண்டுகள் அது வரைவாகவே கிடந்தது.

இந்த இடைவெளியில்தான் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வட்டாரத்தில் உள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்காவின் பிரச்சினை வெடித்தது. கட்டமைப்புத் திட்டத்தில் பொதுப் பூங்காவாகக் காட்டப்பட்ட இடம் அது. அங்கே எட்டு அடுக்குமாடிக் கோபுரங்களில் 1,766 சேவை அடுக்ககங்களும், தனிக் கட்டடம் ஒன்றில் 350 மலிவு விலை வீடுகளும் கட்ட 2017ஆம் ஆண்டு ஜூலையில் மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது.

பூங்காவை ஒட்டி, முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் ஏறத்தாழ நூறு வாழ்ந்து வந்தன. பெரும்பாலும் தமிழர்கள். தோட்டம் கைவிட்டுப் போன பிறகு 1980களில் ரூமா பாஞ்சாங் எனப்படும் நீண்ட வீடுகளில் தற்காலிகமாகக் குடியமர்த்தப்பட்டவர்கள். நிரந்தர வீடு வரும் என்று சொல்லப்பட்டது. குழந்தைகள் வளர்ந்து பேரப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். தற்காலிகம் மட்டும் முடியவில்லை. புதிய திட்டத்தில்தான் அவர்களுக்கும் வீடு சேர்க்கப்பட்டிருந்தது.

பூங்காவைக் காக்க சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். நீண்ட வீட்டு மக்களின் சங்கம் திட்டத்தின் பக்கம் நின்றது. பச்சை வேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம், கூரை வேண்டும் என்றவர்கள் மறுபக்கம். இரண்டும் நியாயமான தேவை. ஒன்றை ஒன்று எதிர்த்து நிற்க வேண்டிய நிலைமை வந்ததுதான் வேதனை.

2018ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் குடியிருப்பாளர்களின் வழக்கைத் தள்ளியது. 2021ஆம் ஆண்டு ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்பை வழங்கியவர் நீதிபதி நளினி பத்மநாதன். கட்டமைப்புத் திட்டம் சட்டப்படி அமலில் உள்ள ஆவணம். அதிலிருந்து டத்தோ பண்டார் தக்க காரணமின்றி விலகிப் போக முடியாது. பாதிக்கப்படும் குடியிருப்பாளர்களைக் கேட்க வேண்டும். இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

மக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் கேட்டு, பதிவேட்டில் ஏற்றிய ஒரு திட்டத்தை அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு வேறு வழியில் போக முடியாது என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்னது. நாடு முழுவதும் ஆட்சேபப் பாரம் எழுதிய அனைவருக்கும் அது கிடைத்த வெற்றி.

ஆனால், தீர்ப்பு வந்த அன்றும் நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கு நிரந்தர வீடு இல்லை. நீதிமன்றத்தின் முன்னிருந்த கேள்வி அந்த அனுமதி சட்டப்படி செல்லுமா என்பதுதான். யாருக்கு வீடு வேண்டும் என்பதை அந்த வழக்கு தீர்த்திருக்க முடியாது. பூங்காவுக்குத் துணையாக ஒரு திட்டத்தின் ஏடு இருந்தது. அந்தக் குடும்பங்களுக்குத் துணையாக இருந்தது வாக்குறுதி. ஏடு நீதிமன்றத்தில் நின்றது. வாக்குறுதிக்கு அந்த வலிமை இல்லை.

எழுத்தில் வராதது

மலேசிய இந்தியர்கள் மனத்தில் பதிக்க வேண்டிய பாடம் இங்கேதான் இருக்கிறது. கோயில் நிலத்திற்கும், தமிழ்ப்பள்ளிக்கும், மின்சுடலைக்கும், தோட்டத்து வீட்டுக்கும் இந்தச் சமூகம் பெரும்பாலும் வாக்குறுதியைத்தான் நம்பி வந்திருக்கிறது. ஒரு தலைவர் மேடையில் சொன்னார், ஓர் அதிகாரி நேரில் வந்து பார்த்தார் என்ற அளவில் மனம் நிறைந்துவிடும். புல்டோசர் வந்து நிற்கும்போதுதான் வரைபடம் ஞாபகத்திற்கு வரும். வரைபடத்தில் அந்த இடத்திற்கு வேறு வண்ணம் இருந்தால் யாரைக் குறை சொல்வது?

உள்ளூர்த் திட்ட ஆலோசனையில் குறைகள் உண்டு. நான்கு வாரம் போதாது. தோட்டத்தில் வளர்ந்த முதியவருக்கு வரைபடக் குறியீடுகள் புரிவது கடினம். எழுதிய ஆட்சேபமெல்லாம் ஏற்கப்படும் என்ற உறுதியும் இல்லை. கோயில் நிர்வாகங்களும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்வர வேண்டிய இடம் இது. வரைவு வந்தால் நான்கு பேர் நேரில் போகலாம். தங்கள் நிலம் எந்த வண்ணத்தில் இருக்கிறது என்று கேட்கலாம். பொருந்தாவிட்டால் பாரத்தில் எழுதி, நேரடி விசாரணை வேண்டும் என்றும் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கி வைக்கலாம். இதற்குக் காசும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம்.

கோலாலம்பூரின் 2040ஆம் ஆண்டுக்கான உள்ளூர்த் திட்ட வரைவு 2024ஆம் ஆண்டு ஜனவரியில் மக்கள் பார்வைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டு அது அரசாங்கப் பதிவேட்டிலும் ஏறிவிட்டது. மற்ற நகரங்களின் திட்டங்களும் காலத்திற்குக் காலம் மறு ஆய்வுக்கு வரும். அப்போது அந்த மேசை மீண்டும் போடப்படும், பாரங்களும் அடுக்கி வைக்கப்படும்.

ஆதி நாகப்பன் ஆணையம் கேட்ட ஓட்டு திரும்பி வரவில்லை. கையில் இருப்பது ஒரு தாளும் சில வாரங்களும்தான். அந்தத் தாளையும் எழுதாமல் விட்டால், மேசையில் அது வெறும் தாளாகவே கிடக்கும்.