திருப்பத்தூர் ஜெபாலயம்: கல்லும் சொல்லும்

வட ஆர்க்காட்டினர் பலர் கப்பலேறி வந்திறங்கிய துறைமுகம் இது. 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்பது அந்நாளைய பெயர். அதே வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் 1921-இல் சவரிராயன் ஜேசுதாசன் என்னும் தமிழ் மருத்துவரும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினர்.

பின்னர் அங்கு எழுந்த வழிபாட்டிடத்திற்கு ஐரோப்பியத் தேவாலயங்களின் கூர்வளைவுச் சாளரங்களை அவர்கள் நாடவில்லை. கோபுரமும் தூண் மண்டபமும் கொண்ட திராவிடக் கோயிற்கட்டடக் கலையையே ஏற்றனர். பெயர் 'ஜெபாலயம்'. ஜெபம், ஆலயம் இரண்டும் வடசொற்களே. எனினும் இந்துக்களும் கிறித்தவரும் ஒருசேர வழங்கியவை. தனித்தமிழ்ப் பெயர் வேண்டுமென வாதிடுவோர் இப்பொதுமையைக் கருதுவதில்லை என்பது எம் எண்ணம்.

கட்டடத்தினும் எம்மை ஈர்ப்பது அங்கு வழங்கிய முறைப்பெயர். ஆசிரமத்தார் ஜேசுதாசனைப் 'பெரியண்ணன்' என்றும் பேட்டனைச் 'சின்னண்ணன்' என்றும் அழைத்தனர். அக்காலத்தே நம் தோட்டங்களில் வெள்ளை நிருவாகியும் அவர் துணைவரும் 'பெரிய துரை', 'சின்ன துரை' எனப்பட்டதை மாணவர் ஒப்பிட்டுக் காண்க. அடைமொழிகள் அவையே, 'துரை' நின்ற இடத்தில் 'அண்ணன்' வந்தமர்ந்தது. பெரியதும் சின்னதும் அங்கு நிறத்தாலன்றி வயதால் அமைந்தன. இருவருள் ஜேசுதாசனே மூத்தவர்.