ஒரே சொல், இரு பொருள்: சித்தூர் ஆற்றிலிருந்து பாக் நீரிணை வரை

பன்னாட்டுப் பாதுகாப்பு என்றதும் நம் கருத்தரங்குகளில் அணு ஆயுதமும் வல்லரசுகளுமே முதலில் பேசப்படுகின்றன. சித்தூர் வட்டத்து உழவரிடம் கேட்டால், ஒப்பந்தம் என்றதும் அவர் நினைவுக்கு வருவது ஓர் எண்: 7.25.

1970 மே 29 அன்று கேரளமும் தமிழ்நாடும் பரம்பிக்குளம் – ஆழியாறு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. சித்தூர்ப் பகுதிப் பாசனத்திற்கென ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு அணைக்கட்டில் அளந்து விடப்பட வேண்டும் என்பது அதன் விதி. கணக்கைப் பார்க்க இரு மாநிலக் கூட்டு வாரியமும் உண்டு. உரிய காலத்தில் நீர் வரவில்லை என்ற மனக்குறை இன்றும் தீரவில்லை. ஆயினும் பூசல் எழும்போது இரு தரப்பும் சுட்டுவதற்கு ஓர் அளவும் ஓர் இடமும் இருக்கின்றன.

இவ்விரண்டும் இல்லாத உடன்படிக்கை எவ்வாறு இருக்கும் என்பதற்குப் பாக் நீரிணையே சான்று. 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் அங்கே கடல் எல்லையை வகுத்தன. கச்சத்தீவு இலங்கையின் பக்கம் அமைந்தது. இரு நாட்டுக் கலங்களும் மரபாகத் துய்த்துவந்த உரிமைகள் தொடரும் என்று அவ்வுடன்படிக்கை கூறியது. 1976 மார்ச்சில் பரிமாறப்பட்ட கடிதங்களோ, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்கலாகாது என்றன. கோடு துல்லியமாக வரையப்பட்டது. மீனை எவர், எக்கருவியால், எத்தனை நாள் பிடிப்பது என்பது எழுதப்படவே இல்லை.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் என்னை ஈர்ப்பது ஒரு சொல். இராமேசுவரத்து மீனவரும் யாழ்ப்பாணத்து மீனவரும் தமிழிலேயே வாதிடுகின்றனர். இருவரும் 'பாரம்பரிய உரிமை' என்கின்றனர். முன்னவருக்கு அது இடத்தைக் குறிக்கிறது: முன்னோர் சென்ற கடல். பின்னவருக்கு அது கருவியைக் குறிக்கிறது: கடலடியை வாரிச்செல்லும் இழுவைமடி எவருக்கும் பாரம்பரியம் ஆகாது. வரலாறு பின்னவரின் வாதத்திற்கு வலுச்சேர்க்கிறது. கேரளத்தின் நீண்டகரையை மையமாகக் கொண்டு 1950களில் நடந்த இந்திய – நார்வே திட்டம், இந்தியாவில் விசைப்படகு மீன்பிடிப்பு பரவ வழிவகுத்த முயற்சிகளுள் முதன்மையானது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் வட இலங்கை மீனவர் கடலிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். 2009இல் போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது தம் கரையருகே இழுவைப்படகுகளைக் கண்டனர். ஒரு பக்கம் அறுந்த வலைகள், மறுபக்கம் சிறைப்பட்ட மீனவர்: இழப்பு இரு கரையிலும் எளியோருடையதே.

பல்கலைக்கழகத்தின் பணி இங்கேதான் தொடங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையத்தை வழிநடத்திய வி. சூரியநாராயண் 1994இலேயே கச்சத்தீவையும் மீனவர் சிக்கலையும் இணைத்து நூல் எழுதினார். உரிமம் பெற்ற மீன்பிடிப்பு என்ற வழியையும் முன்வைத்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஏ. எஸ். சூசை, ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களுடன் இணைந்து எல்லை தாண்டும் மீன்பிடிப்பை ஆராய்ந்து 2012இல் கட்டுரை வெளியிட்டார். 2010 ஆகஸ்டில் இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகளே தமிழ்நாட்டில் அமர்ந்து பேசினர். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. தீர்வு இன்னும் எட்டப்படவில்லை.

சித்தூரின் பாடத்தை அப்படியே கடலுக்குப் பெயர்க்க இயலாது. நீரை அணைக்கட்டில் அளக்கலாம். மீன் கோட்டை மதிப்பதில்லை. எனினும் படகின் எண்ணிக்கை, மீன்பிடி நாள், வலையின் வகை ஆகியவை எண்ணத்தக்கவை. இரு கரைப் பல்கலைக்கழகங்களும் ஒரே முறையில் எண்ணி, அக்கணக்கை இரு நாட்டு மீனவர் முன்னும் அவர்தம் தமிழிலேயே வைக்குமாயின், 'பாரம்பரியம்' என்ற சொல்லுக்கு ஒரு பொது வரையறை பிறக்கக்கூடும். கடற்படைகளால் கோட்டைக் காக்க முடியும். இருவரும் ஒப்பும் கணக்கை அவற்றால் உண்டாக்க இயலாது. அது நம் துறைகளின் கடமை.