உழக்கிலிருந்து கிராமுக்கு: எண்ணெய் அளவையில் வெப்பநிலை நுழைந்த வரலாறு

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தில் காயின் தரத்தைச் சொல்லும் எண்களுள் முக்கியமானது லிட்டர் எடை. ஒரு லிட்டர் கொள்கலனில் அடங்கும் காயின் எடை அது. அக்மார்க் வரையறைப்படி 'ஆலப்புழைப் பச்சை' ஏலக்காயில் பருமனான முதல் வகைக்கு அது 435 கிராமுக்குக் குறையக்கூடாது. அடுத்த வகைக்கு 415. எடையையும் கொள்ளளவையும் இப்படிச் சேர்த்துப் பார்க்கப் பழகிய ஊரிலும் எண்ணெய் வாங்கும்போது கிலோவும் லிட்டரும் ஒன்றுபோலவே பேசப்படுகின்றன. எண்ணெயின் எடையைக் கொள்ளளவாக்கும் கணக்கில் வெப்பநிலை என்ற மூன்றாவது எண் மிகத் தாமதமாகவே இடம்பெற்றது என்பதும், இந்தக் குழப்பத்தின் வேர் அதுதான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சோழர் காலத்தில் இந்த மாற்றுக் கணக்கே தேவைப்படவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய். அதற்கு ஈடாக 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்னும் கல் இருந்தது. அதே பெயரில் மரக்காலும் இருந்தது. நிறுக்கத் தெரியாததால் நெய்யை அளந்தார்கள் என்று கொள்ள முடியாது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே முகத்தலளவையில் கணக்கு வைத்ததால் அதுவே போதுமானதாக இருந்தது.

மொத்த வணிகம் எடைக்கு மாறியபோதுதான் சிக்கல் தொடங்கியது. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. வீசை இன்றைய கணக்கில் சுமார் 1.4 கிலோ. மணங்குக் கணக்கில் வாங்கிய எண்ணெயை ஆழாக்கிலும் உழக்கிலும் விற்க வேண்டிய கடைக்காரருக்கு, வீசைக்கு எத்தனை உழக்கு என்பது இலாப நட்டக் கேள்வி. படியின் அளவோ ஊருக்கு ஊர் வேறுபட்டது. பொது வாய்பாடு உருவாக வழியில்லை.

1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்து இந்த வேறுபாட்டைத் தீர்த்தது. ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்ற எளிய சமன்பாடு எண்ணெய்க்கும் பொருந்தும் என்ற எண்ணம் பரவவும் அதே முறை இடம் கொடுத்தது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் ஏறத்தாழ 915 கிராம். ஆகவே ஒரு கிலோ என்பது சுமார் 1,090 மில்லி. பெரிய டின்னில் வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும். 15 கிலோ டின்னில் 16.4 லிட்டர் இருக்கும். 15 லிட்டர் டின்னில் 13.7 கிலோதான். ஒன்றேகால் கிலோ எண்ணெய் சிறிய அளவல்ல.

இந்த விகிதமும் நிலையானதல்ல. எண்ணெய் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.07 விழுக்காடு விரிகிறது. போடியிலிருந்து குரங்கணி வழியாகக் கொழுக்குமலைக்கு ஏறினால் உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர் கூடும், வெப்பம் 12 டிகிரி அளவுக்குக் குறையும். மேலே அளந்த ஒரு லிட்டர், கீழே அளந்த லிட்டரைவிட ஏழெட்டு கிராம் கூடுதலாக நிற்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்குவதால், மலைக்குளிரில் அதை ஊற்றி அளக்கவே முடியாது. தராசு ஒன்றே வழி. அடிவாரத்திலிருந்து எண்ணெய் மேலே போகும்போது மாறாதிருப்பது எடை மட்டுமே.

தொழிற்சாலைகளில் இந்த வேறுபாடு விற்பனை உத்தியாகவே மாறியது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள், கொள்ளளவைக் குறிப்பிட்டால் அதற்கு இணையான எடையையும் அச்சிட வேண்டும் என்கின்றன. சில நிறுவனங்கள் 60 டிகிரியில் ஒரு லிட்டர் என்று குறித்தன. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். யாருடைய அடுக்களையும் 60 டிகிரியில் இருப்பதில்லை. 2022இல் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிக்காமல் கொள்ளளவை அச்சிடவும், அதற்குரிய சரியான எடை பையில் இருப்பதை உறுதிசெய்யவும் பணித்து, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் தந்தது. 30 டிகிரியில் அடைப்பதே ஏற்றது என்றும் கூறியது.

பையில் அடைத்து வரும் எண்ணெய்க்கு இவ்வாறு ஒரு தெளிவு பிறந்தது. செக்கில் ஆட்டி, வாங்குபவரின் பாத்திரத்தில் ஊற்றித் தரும் எண்ணெய்க்கு இந்த அச்சு விதிகள் பொருந்துவதில்லை. அங்கே விலைப்பலகையில் எழுதியிருப்பது கிலோ விலையா லிட்டர் விலையா என்பதைப் பொறுத்து, அதே தொகைக்குக் கிடைக்கும் எண்ணெய் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு கூடவோ குறையவோ செய்யும்.