முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு மாநில அரசின் உதவிகள்: நாம் அறிய வேண்டியவை

ரமளான் நெருங்கும்போது மஹல்லாக்களில் ஜகாத் பட்டியல் தயாராகிறது. கணவரை இழந்தவர்கள், முதியவர்கள், நோயாளிகள் என்று பெயர்கள் சேர்கின்றன. பட்டியல் எடுப்பவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும்: "இந்த வீட்டில் யாராவது ராணுவத்தில் வேலை பார்த்தார்களா?"

"ஆம்" என்று பதில் வந்தால், அந்தக் குடும்பத்துக்கு உரிய உதவி மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு அலுவலகத்திலேயே கேட்பாரின்றி இருக்கக்கூடும். நாட்டுக்காக உழைத்த ஒருவரின் குடும்பத்துக்குச் சேர வேண்டிய ஹக் அது. அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்படி ஓர் ஏற்பாடு நம் வரலாற்றுக்குப் புதிதல்ல. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் "தீவான்" என்னும் பதிவேடு ஏற்படுத்தப்பட்டது. படையினரின் பெயர்களும் அவர்கள் குடும்பத்தாரின் பெயர்களும் அதில் எழுதப்பட்டு, பைத்துல்மாலில் இருந்து உதவித்தொகை வழங்கப்பட்டது. பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் தொகை என்று முதலில் இருந்ததை, பிறந்த குழந்தைக்கே உண்டு என்று மாற்றியதும் அவர்கள்தாம். பதிவேட்டில் பெயர் இருந்தவருக்கு உரிமை கிடைத்தது. இன்றும் நிலைமை அதுதான்.

எது மத்திய அரசு, எது மாநில அரசு?

இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம், 2003 முதல் நடைபெறும் இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம், கேண்டீன் வசதி ஆகியவை மத்திய அரசின் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவை. கல்வி, திருமணம், நோய், மறுவேலை, சுயதொழில் போன்றவற்றுக்கான உதவிகளை மாநில அரசும் தனியாக வழங்குகிறது. தமிழ்நாட்டில் இதற்கென முன்னாள் படைவீரர் நல இயக்குநரகமும், மாவட்டங்களில் உதவி இயக்குநரின் கீழ் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களும் இயங்குகின்றன. ஓய்வூதியம் வருகிறது என்பதற்காக மாநில உதவி கிடையாது என்று எண்ண வேண்டாம். ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கும் இந்த அலுவலகத்தின் கதவு திறந்தே இருக்கிறது.

இந்த உதவிகளுக்கான பணத்தில் ஒரு பகுதி கொடிநாள் நிதியிலிருந்து வருகிறது. 1949 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 அன்று கொடிநாள் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று பள்ளியில் நம் பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு கொடிக்குக் கொடுக்கும் காசும் இதில்தான் சேர்கிறது.

யார் முன்னாள் படைவீரர்?

தரைப்படை, கடற்படை, விமானப்படையில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் வந்தவர்கள், ஒப்பந்தக் காலத்தை முடித்துப் பணிக்கொடையுடன் வந்தவர்கள், பணியால் ஏற்பட்ட உடல்நலக் குறைவால் மருத்துவ ஓய்வூதியத்துடன் அனுப்பப்பட்டவர்கள் ஆகியோர் பொதுவாக இதில் அடங்குவர். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்கள் அடங்கமாட்டார்கள். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்றவை உள்துறையின் கீழ் வருபவை. அவற்றில் பணியாற்றியவர்களுக்கு வேறு விதிகள் உள்ளன.

பிள்ளைகளை இப்போது படைக்கு அனுப்பும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் 4 ஆண்டுகள் பணியாற்றி வெளியே வரும் அக்னிவீரர்களுக்கு ஓய்வூதியமோ முன்னாள் படைவீரர் தகுதியோ கிடையாது. சேவா நிதி என்ற மொத்தத் தொகை மட்டுமே கிடைக்கும். நிரந்தரப் பணிக்குத் தேர்வாகிறவர்களின் நிலை வேறு. சேரும் முன்பே இதை அறிந்திருப்பது நல்லது.

முதல் படி: பதிவும் அடையாள அட்டையும்

ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை (பி.பி.ஓ.), ஆதார், குடும்ப அட்டை, புகைப்படங்கள் ஆகியவற்றுடன் தாம் வசிக்கும் மாவட்டத்தின் அலுவலகத்தில் பெயரைப் பதிந்து அடையாள அட்டை பெற வேண்டும். அவர் மவ்த்தான பிறகு மனைவிக்குத் தனி அட்டை தருவார்கள். வீடு வேறு மாவட்டத்துக்கு மாறினால் பதிவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தப் பதிவு இல்லாமல் கீழே சொல்லப்படும் எதுவும் நகராது.

என்னென்ன கிடைக்கும்?

கல்வி: பள்ளி முதல் பட்டப்படிப்பு, தொழிற்படிப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. ஒவ்வொரு கல்வியாண்டிலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கென 150 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. மருத்துவம் உள்ளிட்ட பிற படிப்புகளிலும் சிறப்பு ஒதுக்கீடு உண்டு. இதற்கு "சார்ந்தோர் சான்றிதழ்" தேவை. அதை மாவட்ட அலுவலகத்தில் பெற்று, கலந்தாய்வு விண்ணப்பத்துடனேயே சேர்க்க வேண்டும். தரவரிசைப் பட்டியல் வந்த பிறகு கொண்டு போனால் பயனிருக்காது.

திருமணம், நோய், மரணம்: மகள் திருமணத்துக்கு நிதியுதவி, ஈமச்சடங்கு உதவி, புற்றுநோய், காசநோய், பக்கவாதம் போன்ற நோயாளிகளுக்கும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கும் தொடர் உதவி ஆகியவை தொகுப்பு நிதி முதலிய நிதிகளிலிருந்து வழங்கப்படுகின்றன. பலவற்றுக்குப் பதவி வரம்பும் விண்ணப்பிக்கக் கால வரம்பும் உண்டு.

வேலை: இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் முன்னாள் படைவீரர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடு உள்ளது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் வயது வரம்பில் தளர்வும், 2 முறை கட்டணச் சலுகையும் உண்டு. முஸ்லிம்களுக்கு இங்கே ஒரு விவரம் முக்கியம். 2007இல் வந்த 3.5 சதவீத முஸ்லிம் உள் ஒதுக்கீடும் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. படைவீரர் ஒதுக்கீடு ஒவ்வொரு சமூகப் பிரிவுக்குள்ளும் கணக்கிடப்படுகிறது. எனவே லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, ஷேக், சையது, மாப்பிள்ளை, அன்சார், தூதேகுலா ஆகிய பிரிவினர் படைவீரர் சான்றுடன் பி.சி.எம். சாதிச் சான்றையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

1986இல் தமிழக அரசு தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம், முன்னாள் படைவீரர்களை அரசு மற்றும் பொதுத்துறை நிறுவனங்களில் பாதுகாவலர் போன்ற பணிகளில் அமர்த்துகிறது. ஓய்வுபெற்றதும் வளைகுடாவுக்குத்தான் போக வேண்டும் என்று எண்ணுபவர்கள் முதலில் இங்கே பதிந்து பார்க்கலாம்.

சுயதொழில்: 2024 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் அறிவித்த "முதல்வரின் காக்கும் கரங்கள்" திட்டத்தில், தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும், அதில் 30 சதவீத மூலதன மானியமும், 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. இதைப் பற்றிய மார்க்க விளக்கத்தைக் கீழே காண்க.

மத்திய வாரியத்தின் உதவிகளுக்கும் வழி இதே அலுவலகம்தான்

கேந்திரிய சைனிக் போர்டு என்ற மத்திய வாரியமும் ஹவில்தார் மற்றும் அதற்குக் கீழ் பதவி வகித்தவர்களின் குடும்பங்களுக்கு உதவுகிறது. 65 வயது கடந்த, ஓய்வூதியம் இல்லாத வறியவருக்கும் அத்தகைய கைம்பெண்ணுக்கும் மாதம் 8,000 ரூபாய், 2 பிள்ளைகள் வரை தலா மாதம் 2,000 ரூபாய் கல்வி உதவி, 2 மகள்கள் வரை திருமணத்துக்குத் தலா 1 லட்சம் ரூபாய் என 2025 நவம்பர் 1 முதல் தொகைகள் இரட்டிப்பாக்கப்பட்டுள்ளன. கைம்பெண் மறுமணத்துக்கும் இந்தத் திருமண உதவி உண்டு. விண்ணப்பம் மாவட்ட அலுவலகம் வழியாகவே போகும். ஒரே தேவைக்கு மாநிலத்திலும் மத்தியிலும் இரண்டு முறை வாங்க முடியாது. எது கூடுதல் பயன் தரும் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

நம் குடும்பங்களில் சிக்கல் எழும் மூன்று இடங்கள்

முதலாவது, பெயர். படை ஆவணத்தில் "முகமது", ஆதாரில் "முஹம்மத்", பள்ளிச் சான்றில் "எம்.டி." என்று இருக்கும். மனைவி ஒரு தாளில் "பீவி", இன்னொன்றில் "பேகம்". நமக்கு இது ஒரே ஆள். கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு இரண்டு ஆட்கள். கணவர் உயிரோடு இருக்கும்போது ரெக்கார்டு அலுவலகத்துக்கு எழுதித் திருத்துவது எளிது. மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவர்களுக்கு அது வெலிங்டனிலும், மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் இருந்தவர்களுக்குப் பெங்களூரிலும் உள்ளது. அவர் போன பிறகு இதே திருத்தத்துக்கு மனைவி பல வாசல்களில் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, நிகாஹ். ஜமாஅத் தஃப்தரில் பதிந்தால் நிகாஹ் நிறைவேறிவிடுகிறது. ஆனால் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும். அதற்கு 90 நாள் அவகாசம் உண்டு. படையில் இருப்பவர் தம் பிரிவின் "பார்ட் டூ ஆர்டர்" பதிவிலும் மனைவி, பிள்ளைகள் பெயரைச் சேர்க்க வேண்டும். குடும்ப ஓய்வூதியத்தின் அடிப்படை அந்தப் பதிவுதான்.

மூன்றாவது, மவ்த். மய்யித்தை விரைந்து அடக்கம் செய்வது நம் கடமை. மரணத்தைப் பதிவதும் அதனுடன் சேர்ந்த கடமை என்று கொள்ளுங்கள். 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. இறப்புச் சான்றிதழில் உள்ள பெயர் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கட்டும்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றிப் பேசுவதுதான் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282). எழுத்துக்கு மார்க்கம் தரும் மதிப்பு அவ்வளவு. "எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று தாள்களைச் சிதற விடுவது தவக்குல் ஆகாது.

மார்க்கம் தொடர்பான சில கேள்விகள்

இத்தாவில் இருப்பவர் அலுவலகம் போகலாமா? மகனோ சகோதரரோ கடிதம் கொடுத்துத் தகவல் தெரிவிக்க முடிந்தால் அதுவே நல்லது. அவர் நேரில் கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்றால், கணவரை இழந்து 4 மாதம் 10 நாள் இத்தா இருப்பவர் அவசியத் தேவைக்காகப் பகலில் சென்று இரவுக்குள் வீடு திரும்ப ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் அனுமதி உண்டு. இத்தா முடியட்டும் என்று காத்திருந்து கால வரம்பைத் தவறவிட வேண்டியதில்லை.

குடும்ப ஓய்வூதியத்தில் வாரிசுகளுக்குப் பங்கு உண்டா? கணவர் மரணித்த பிறகு அரசு தன் விதிப்படி மனைவிக்கென்றே தருவது குடும்ப ஓய்வூதியம். அது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தல்ல. எனவே மீராஸில் சேராது என்பதே பெரும்பாலான ஆலிம்களின் நிலைப்பாடு. கொழுந்தனாரோ மற்றவர்களோ அதில் பங்கு கேட்பது சரியல்ல. ஆனால் கணவர் உயிரோடு இருந்தபோதே அவருக்குச் சேர வேண்டியிருந்த நிலுவைத் தொகை, வங்கி இருப்பு, சேமநிதி ஆகியவை மீராஸ்தான். "நாமினி" என்று பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் அதற்கு முழு உரிமையாளர் ஆகிவிடமாட்டார். கடன், வஸிய்யத் போக மீதியைப் பங்கிட வேண்டும்.

வட்டிக் கடனுடன் வரும் மானியம்? அரசு தரும் மானியம் அன்பளிப்புதான். ஆனால் அது வங்கிக் கடனோடு சேர்ந்தே வருகிறது. வட்டி மானியம் வட்டியைக் குறைக்குமே தவிர, வட்டியை இல்லாமல் ஆக்காது. பேணுதலை நாடுபவர்கள் ஓய்வுபெறும்போது கிடைக்கும் மொத்தத் தொகையைக் கொண்டு சிறிதாகத் தொடங்கலாம், அல்லது முளாரபா முறையில் பங்காளியைச் சேர்க்கலாம். கையெழுத்திடும் முன் உங்கள் ஊர் ஆலிமிடம் திட்டத்தின் விவரத்தைக் காட்டிக் கேளுங்கள்.

ஜமாஅத் செய்யக்கூடியவை

மஹல்லாவில் உள்ள முன்னாள் படைவீரர்கள், அவர்களது கைம்பெண்கள் பட்டியலை ஜமாஅத் அலுவலகத்தில் வைத்திருக்கலாம். ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றை நினைவூட்டலாம். அது தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். மாவட்ட ஆட்சியர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துக்கு வயதான பெண்மணியுடன் ஒரு இளைஞரை அனுப்பலாம். ஆங்கில விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். இதற்கெல்லாம் பணம் தேவையில்லை. ஒரு பிற்பகல் போதும்.

உரிமை முழுவதும் வந்த பிறகும் தேவை மீதமிருந்தால் ஜகாத் இருக்கவே இருக்கிறது. உரிமையை வாங்கிக் கொடுக்காமல் ஜகாத்தை மட்டும் கொடுத்தால், அந்தச் சகோதரி ஒவ்வொரு ரமளானிலும் நம் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

உரியவர்களுக்கு அவர்களின் ஹக் சென்று சேரத் துணை நிற்கும் வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.